பீரோ மாஸ்டர்

பதினொரு நாற்காலிகளிலும் உட்கார்ந்து எழுந்தாயிற்று. ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை. ஏழாவது நாற்காலிக்குத் திரும்பிப் போய் மறுபடி உட்காருகிறார். உடம்பை இடமும் வலமும் அசைத்து, தலையைச் சாய்த்துக் காது கொடுக்கிறார். எங்கோ ஒரு ‘கிறீச்’. குனியாமல், ஒரு முழங்காலை மட்டும் மடித்துத் தரையில் இறங்கி, மருந்துப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டைத் துண்டை நான்காக மடித்துப் பின்னங்காலுக்கு அடியில் செருகுகிறார். மறுபடி உட்காருகிறார். நாற்காலி இப்போது வாயைத் திறக்கவில்லை.

“முதுகு பிடிச்சவன் உக்காரும்போது நாற்காலி ஆடுச்சுன்னு வைங்க, அவனுக்குப் பூமியே ஆடுன மாதிரி இருக்கும்” என்று யாரையும் பார்க்காமல் சொல்கிறார்.

மருத்துவமனையின் அடித்தளத்தில், படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்கும் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கும் நடுவே இருக்கிறது அந்த இடம். கூரையோடு ஒரு தடித்த தண்ணீர்க் குழாய் ஓடும். மேலே யாராவது குழாயைத் திறந்தால் இங்கே ஆறு பாய்கிற சத்தம் கேட்கும். செவ்வாய், வெள்ளி காலை பத்து மணிக்கு, ஆண்டுக்கணக்கில் வலியோடு இருக்கிறவர்கள் பதினோரு பேர் அங்கே வந்து சேருவார்கள். மேல் மாடியில் வலி நிவாரணப் பிரிவை நடத்தும் டாக்டரம்மா எழுதிக் கொடுத்து அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு யோகா சொல்லித் தருகிறவர்தான் நாற்காலிக்கு அட்டை வைத்துக்கொண்டிருந்தவர்.

பார்த்தால் நம்ப முடியாது. யோகா ஆசிரியர் என்றதும் மனசில் வரும் ஒடிசலான, வெற்றிலைக்காம்பு போன்ற உருவம் அல்ல. கதவை அடைக்கும் தோள். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. முன்னால் ஒரு கௌரவமான தொப்பை. புதிதாக வருகிறவர்கள் அவரைச் சாமான் ஒழுங்குபடுத்த வந்தவர் என்று நினைத்து, “மாஸ்டர் எப்பங்க வருவாரு?” என்று அவரிடமே கேட்பார்கள். “வந்துட்டே இருக்காரு, உக்காருங்க” என்பார். மணி பத்தடித்ததும் அவரே எதிரில் வந்து உட்கார்ந்து, “வந்துட்டாரு” என்பார்.

பத்தொன்பது வருஷம் வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சாமான் தூக்கியவர். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மூன்று மாடி ஏறுவார் என்பதால், கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் பீரோ. அது மருத்துவமனைக்கும் வந்துவிட்டது. நோயாளிகளுக்குப் பீரோ மாஸ்டர். டாக்டரம்மா மட்டும் மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருமுறை முயன்றார். இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குக் கழுத்தில் வலி. எழுதிப் பிழைக்கிறவனுக்கு வரக்கூடியதுதான். டாக்டரம்மா சீட்டு எழுதி அடித்தளத்துக்கு அனுப்பினார். முதல் நாள் பீரோ மாஸ்டர் என்னிடம் கேட்ட கேள்வி இது:

“இன்னிக்கு என்ன சாமான்?”

எனக்குப் புரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் விளக்கினார். மேலே வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லச் சொல்வார்கள். மாஸ்டருக்கு அது ஆகாது. “எட்டுன்னா எனக்கு என்னங்க தெரியும்? வாஷிங்மெஷின்னு சொல்லுங்க, புரியும்.” அதனால் வகுப்பு இப்படித்தான் தொடங்கும். “நேத்து ஃபிரிட்ஜ் மாஸ்டர், இன்னிக்கு டீப்பாய்.” “மெத்தை மாஸ்டர். கனம் இல்ல, ஆனா எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியல.” அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார், உண்மையாகவே அந்தச் சாமானை மனசுக்குள் தூக்கிப் பார்ப்பதுபோல.

சுற்றி இருந்தவர்களின் சாமான்களைக் கேட்ட பிறகு எனக்குக் கூச்சமாக இருந்தது. “ஒரு முக்காலி மாஸ்டர், அவ்வளவுதான்” என்றேன்.

“முக்காலிய லேசா நினைக்காதீங்க. அதுதான் அடிக்கடி கால்ல இடிக்கும்.”

அவருடைய முதுகை உடைத்தது ஒரு தும்மல். மூன்றாம் மாடித் திருப்பத்தில் பீரோவின் அடிப்பக்கத்தை இவர் பிடித்திருந்தார். மேல்பக்கம் பிடித்திருந்த நண்பருக்குத் தும்மல் வந்தது. பிடி நழுவியது. “ஒரே ஒரு அச்சு! அதுக்கப்புறம் ரெண்டு ஆபரேஷன்.” தும்மியவர்மேல் இவருக்குக் கோபம் கிடையாது. அவர்தான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். வாசலிலேயே நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவாராம்.

அறுவை சிகிச்சைகள் முடிந்தன. எலும்பு சேர்ந்தது. ஸ்கேனில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. வலி மட்டும் போகவில்லை. இரண்டு வருஷம் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. அவரைப் பற்றி எழுதுவதற்காக வீட்டுக்குப் போனபோது அவர் வீட்டம்மா பேசினார். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை அவருக்கு. எதையும் தேய்த்துத் தேய்த்து, தெளிவான பிறகுதான் சொல்வார்.

“முன்னெல்லாம் இவருக்கு வலி வந்தா வீட்ல எல்லாருக்கும் வரும். எனக்கு, பொண்ணுக்கு, மாடி வீட்டுக்காரங்களுக்குக்கூட. இப்ப இவருக்கு மட்டும் வருது.”

அவர்கள் வீட்டில் ஒரு விசித்திரம் பார்த்தேன். சோபா, அலமாரி, சாப்பாட்டு மேஜை, துணி வைக்கும் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் சக்கரம் வைத்திருக்கிறார். தன்னால் இனிமேல் தூக்க முடியாது என்று உறுதியான வாரத்தில் அவரே படுத்துக்கொண்டு திருகியவை. வீட்டம்மா ஒரு விரலால் அலமாரியைத் தள்ளிவிட்டு அதன் பின்னால் பெருக்குகிறார். “பாருங்க, பத்தொன்பது வருஷம் இந்தப் புத்தி வரல” என்கிறார்.

அவருக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது, இதே மருத்துவமனையில் அப்போது இருந்த ஓர் உடற்பயிற்சி நிபுணர். கண்ணை மூடி மூச்சை மெதுவாக வெளியே விடச் சொன்னார். பீரோவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “மூச்சு விடுங்கன்னா? அப்ப இத்தன நாளா நான் என்னத்த விட்டேன்?” என்று கேட்டாராம். ஆனால் வேறு செய்ய ஒன்றும் இல்லை. படுத்தபடியே விட்டுப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அது நடந்தது.

“வலி குறையல. அத நல்லா எழுதிக்கோங்க, குறையல. ஆனா முதல் தடவையா அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரிஞ்சுது. அதுவரைக்கும் நான் மொத்தமும் வலின்னு நினைச்சிருந்தேன். பாத்தா இடுப்புல இத்தனூண்டு இடம், அங்கிருந்து தொடைக்கு ஒரு கோடு. மத்த இடமெல்லாம் சும்மா பயந்துபோய் இறுகிக் கிடக்கு. சாமானோட அளவு தெரிஞ்சாத்தானே எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னு தெரியும்?”

அதற்குப் பிறகு அவர் முறையாகப் படித்தார். சான்றிதழ் வாங்கினார். டாக்டரம்மாவின் கீழ் ஒரு வருஷம் பழகினார். மற்ற நாட்களில் பழைய கம்பெனி அலுவலகத்தில் எந்த லாரி எந்த வீட்டுக்கு என்று போனில் சொல்லும் வேலை. இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. அதனால் நெஞ்சு உயர மேஜை ஒன்றின் முன் நின்றுகொண்டே பேசுவார்.

வகுப்பில் அவர் ஆசனங்களின் பெயரைச் சொல்வதில்லை. முன்னால் மெல்லக் குனிவதற்கு ‘ஷூ லேஸ் கட்டறது’. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு முதுகை வளைத்து நிமிர்த்துவதற்கு ‘பூனைக்குக் கோவம்’. கடைசியில் எல்லோரும் மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பார்கள். அதன் பெயரைக் கேட்டேன். முகத்தைச் சுளித்தார். “சவாசனம்னு சொல்லணும். வலியோட வந்தவங்களப் பாத்து, பொணம் மாதிரி படுங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கு? நான் ‘சாமான இறக்கி வைக்கறது’ன்னு சொல்லிட்டேன்.”

அவருடைய சட்டம் ஒன்றுதான். “முடிஞ்சதுல பாதி.” கை தலைவரைக்கும் போகும் என்றால் தோள்வரைக்கும் போதும். வகுப்பில் டைல்ஸ் ஒட்டும் ஒருவர் இருக்கிறார். முழங்கால் இரண்டும் தேய்ந்தவர். வலி இல்லாத ஒரு நாள் உற்சாகத்தில் முழுசாகச் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் மாடிப்படியும் கழுவி, மூன்று நாள் படுக்கையில் கிடந்தார். மாஸ்டர் அவரை ஒரு பிடி பிடித்தார். “கெட்ட நாள் அன்னிக்கு எல்லாரும் ஜாக்கிரதையாத்தான் இருப்பாங்க. நல்ல நாள் அன்னிக்கு இருக்கணும் நீங்க.” இன்னொருவர், இனி மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். மாஸ்டருக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன். “மாத்திரைய டாக்டரம்மா குறைப்பாங்க. நீங்களா குறைச்சீங்கன்னா இந்த ரூமுக்கே வராதீங்க.”

கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தது நான் போக ஆரம்பித்த மூன்றாவது வாரம். தங்கை கூட்டி வந்தார். நாற்பது வயதிருக்கும். வலது கை முழங்கைவரை மெல்லிய பட்டுத் துணியில் சுற்றி, மார்புக்கு அருகே, தூங்கும் குழந்தையை ஏந்துவதுபோல இடது கையால் ஏந்திக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடப் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்து, எலும்பு கூடி, எல்லாம் முடிந்து பதினான்கு மாதம். ஆனால் கை எரிந்துகொண்டே இருக்கிறது. காற்றுப் பட்டால் எரிச்சல். போர்வை பட்டால் எரிச்சல். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதால் சொந்தக்காரர்கள் நடிப்பு என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். போன மாதம் டாக்டரம்மாவிடம், “இத வெட்டி எடுத்துடுங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன்” என்று கேட்டிருக்கிறார். இது தங்கை கதவோரத்தில் நின்று மாஸ்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது. அடித்தளத்தில் தாழ்ந்த குரலும் எல்லோருக்கும் கேட்கும்.

“யோகா பண்ணா இது சரியாயிடுமா?” என்று டீச்சர் நின்றபடியே கேட்டார். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதுபோல இருந்தது.

“தெரியாதுங்க டீச்சர்.”

“அப்புறம் எதுக்கு நான் வரணும்?”

“இன்னிக்கு வந்துட்டீங்கல்ல, உக்காந்து பாருங்க. பிடிக்கலைன்னா கதவு அந்தாண்ட இருக்கு. தாழ்ப்பாள் போடறதில்ல.”

உட்கார்ந்தார். முறை வந்தபோது மாஸ்டர் கேட்டார். “என்ன சாமான் டீச்சர்?”

“சாமான் இல்ல. வீடு எரியுது.”

மேலே குழாயில் தண்ணீர் ஓடி நின்றது. மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, “சரி. அப்ப இன்னிக்கு யாருக்கும் கை கிடையாது” என்றார்.

அன்று பதினோரு பேரும் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, காலாலும் மூச்சாலும் கழுத்தாலும் மட்டும் செய்தோம். அடுத்த வகுப்பிலும் அப்படியே. அதற்கடுத்தும். மூன்று வாரம் அந்த அறையில் யாருக்கும் கை கிடையாது. டைல்ஸ்காரர்கூட முணுமுணுக்கவில்லை. நாலாவது வாரம் மாஸ்டர், “இடது கைய மெதுவா தூக்குங்க. வலது கை சும்மா பாத்துட்டு இருக்கட்டும்” என்றார். டீச்சரின் வலது கை சுற்றிய துணிக்குள் அசையாமல் இருந்தது. அவர் முகத்திலிருந்த முறைப்பும் அப்படியே இருந்தது. ஆனால் ஒரு வகுப்புக்கும் வராமல் இருந்ததில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

மாஸ்டர் ‘ஷூ லேஸ்’ காட்டிக்கொண்டிருந்தார். பாதி குனிந்தவர் அப்படியே நின்றார். முகம் சாம்பலாகிவிட்டது. “கொஞ்சம் இருங்க... வந்துடுச்சு” என்றார். காப்பி வந்துவிட்டது என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

டைல்ஸ்காரர் எழுந்து கதவுப் பக்கம் ஓடப் பார்த்தார். “ஸ்ட்ரெச்சர் சொல்றேன் மாஸ்டர்!”

“இருங்க. கால் விரல் அசையுது. மரத்துப் போகல. ஸ்ட்ரெச்சர் வேணாம். டாக்டரம்மாவுக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லிடுங்க.”

நாற்காலியைப் பற்றிக்கொண்டு தரையில் இறங்க ஆரம்பித்தார். பீரோவைத் தூக்கியவர் தன்னைத்தானே இறக்கிவைக்கப் பட்ட பாட்டை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கும்போதே பேசினார். “முழங்கால் கீழ வைக்கறேன்... இப்ப பயமா இருக்கு. பயத்துல வயிறு இறுகுது. அத மட்டும் விடறேன்... விட்டாச்சு... திரும்ப இறுகுது. பரவாயில்ல, திரும்ப விடறேன்...” பக்கவாட்டில் சாய்ந்து, மல்லாந்து, முழங்காலை மடித்துப் படுத்தார். அதன் பிறகு பேச்சு நின்றுவிட்டது. மூச்சு சின்னச் சின்னத் துண்டாக வந்தது. கடைக்கண்ணிலிருந்து ஒரு சொட்டு காதுப் பக்கமாக இறங்கியது.

பதினோரு பேர் முகத்திலும் ஒரே எண்ணம் இருந்தது. என் முகத்திலும் இருந்திருக்கும். இவருக்கே இப்படி என்றால் நமக்கு? ஏழு வருஷமாக மூச்சு விட்டவரையே வலி இப்படித் தரையில் போட்டுப் பார்க்கிறது என்றால், இந்த அடித்தளத்துக்கு நாம் எதற்காக இறங்கி வந்துகொண்டிருக்கிறோம்?

“ஆறு.”

திரும்பினோம். கணக்கு டீச்சர்.

“அஞ்சு... நாலு... மூணு... விடுங்க மாஸ்டர், இன்னும் இருக்கு... ரெண்டு... ஒண்ணு.”

நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்காரவைக்கும் குரல் அது. இத்தனை மாதமாக எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை. “மறுபடி. ஆறு...” தரையில் கிடந்தவரின் மூச்சு அந்தக் குரலைத் தேடிப் பிடித்தது. முதலில் நாலிலேயே முடிந்துபோனது. பிறகு மூன்று. பிறகு ஒன்றுவரை வந்தது. கொஞ்ச நேரத்தில் நாங்களும் சேர்ந்து விட்டுக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா வந்து, அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குறுக்கிடாமல் கதவோரம் நின்றார். ஆறிலிருந்து ஒன்று, ஆறிலிருந்து ஒன்று என்று இருபது நிமிஷம் போயிருக்கும்.

எனக்கு நேர் எதிரில் டீச்சர் இருந்தார். அதனால்தான் பார்த்தேன். ஒவ்வோர் எண்ணுக்கும், சுற்றிய துணியின் விளிம்பில், வலது கையின் ஆள்காட்டி விரல் கொஞ்சமாக மடங்கியது. கரும்பலகை முன் நின்று எண்ணிக்கொடுத்துப் பழகிய விரல். அவருக்கு அது தெரியவில்லை. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

“டீச்சர்...” என்று தரையிலிருந்து ஒரு குரல். “கொஞ்சம் மெதுவா. நாலுக்கப்புறம் ஓடறீங்க.”

அறை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். இன்னும் பத்து நிமிஷம் கழித்து மாஸ்டர் பக்கவாட்டில் உருண்டு, கையூன்றி, நாற்காலியைப் பிடித்து, பீரோவை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோகும் நிதானத்தோடு எழுந்து உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. “இன்னிக்குக் கிளாஸ் நல்லா இருந்துச்சு. யாரு எடுத்தது?” என்றார்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். “எல்லார் முன்னாலயும் இப்படி ஆயிடுச்சேன்னு கஷ்டமா இல்லையா மாஸ்டர்?”

“கஷ்டமாத்தான் இருக்கு. பொய் சொல்வானேன்? ஆனா இத்தன நாளா நான் நல்லா இருக்கறத மட்டும்தான் இவங்க பாத்திருக்காங்க. அது பாதி பாடம்தானே.”

டீச்சரின் விரலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

“நானும் பாத்தேன். சத்தமா சொல்லாதீங்க. கைக்குக் கேட்டுடும்.”

எட்டு மாதம் ஆகிறது. கணக்கு டீச்சரின் எரிச்சல் போகவில்லை. வெளியே வரும்போது இன்னமும் துணி சுற்றித்தான் வருகிறார். ஆனால் பள்ளிக்கூடத்தில் மறுபடி நாளுக்கு இரண்டு பாடவேளை எடுக்கிறார். இடது கையால் கரும்பலகையில் எழுதுவதால் எண்கள் மலையேறுவதுபோல மேல்நோக்கிப் போகின்றனவாம். பிள்ளைகள் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும் என்கிறார். வலது கையால் இப்போது தங்கையின் குழந்தைக்குப் புத்தகப் பக்கம் புரட்டுகிறார். வெட்டிவிடுங்கள் என்று அதற்குப் பிறகு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மூச்சு எண்ணுவது அவருடைய உத்தியோகம். நாலுக்கப்புறம் இன்னமும் ஓடுகிறார்.

போன வாரம் வகுப்பு முடிந்து நான் வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளைச் சமையல் அங்கி, கையில் கசங்கிய சீட்டு. வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். உட்கார பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை. இடது தோளைச் சுவரில் சாய்த்து, உடம்பின் பாரத்தை ஒற்றைக் காலில் போட்டு, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். தீயணைப்புக் கருவியை எப்படி இயக்குவது என்று நாலு வரி. அதை ஒருவர் அவ்வளவு நேரம் படிக்க வேண்டியதில்லை.

மாஸ்டர் அறையைப் பூட்டிவிட்டு வந்தார். அவரைப் பார்த்தார். “வாங்க” என்று கூப்பிடவில்லை. சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. பக்கத்தில் போய், தன்னுடைய இடது தோளையும் சுவரில் சாய்த்து நின்று, அதே அறிவிப்பைப் படிக்கத் தொடங்கினார்.

நெடுநேரம் கழித்துச் சமையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பாரத்தை அடுத்த காலுக்கு மாற்றினார். சற்றுப் பொறுத்து, பீரோ மாஸ்டரும் மாற்றிக்கொண்டார்.